பிளம்ஸ் கன்று வாங்குமுன் குளிரைக் கணக்குப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் பிளம்ஸ் வளர்ப்பு பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். தொழுவுரம், மூடாக்கு (செடியடி மண்ணைச் சருகால் மூடுவது) பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘மொட்டை மாடியில் பெரிய டிரம்மில் வைத்தாலும் மூன்று ஆண்டில் பழம் பறிக்கலாம்’ என்ற ஒரு வரி, சென்னை, மதுரை வாசகர்களை வீண் செலவில் இறக்கிவிடும். ஊட்டியில் ஒரு டிரம்மில் வைத்தால் அது நடக்கலாம். மயிலாப்பூரில் நடக்காது. உரமோ பராமரிப்போ அதை மாற்றாது.

பிளம்ஸ் இலையுதிர்க்கும் மரம். இலை கொட்டியதும் மொட்டுகள் உறக்கத்துக்குப் போகும். எழுந்திருக்க அவற்றுக்குக் குளிர் வேண்டும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரம் உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கிறது என்று சொல்லலாம். சாண்டா ரோசா ரகத்துக்கு 300 முதல் 400 மணி நேரம். மெத்லி போன்ற குறைந்த குளிர் ரகத்துக்கு 150 முதல் 250. ஐரோப்பிய பிளம்ஸ் பலவற்றுக்கு 700-ஐத் தாண்டும். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கணக்கு பூஜ்யம். அங்கே கன்று செத்துப்போகாது. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. நுனியில் மட்டும் நாலு இலை விடும், நடுக்கிளை மொட்டையாக நிற்கும், எப்போதாவது ஒன்றிரண்டு பூ வந்து உதிரும். நாலைந்து வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சந்தேகமே வரும்.

‘பஞ்சாப் சமவெளியில் காய்க்கிறதே’ என்று கேட்பார்கள். காய்க்கிறது. லூதியானாவில் ஜனவரி இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிருக்கென்றே சட்லெஜ் பர்ப்பிள், காலா அமிர்தசரி என்ற ரகங்கள் அங்கே இருக்கின்றன. சமவெளி என்ற சொல் ஒன்றுதான், குளிர்காலம் வேறு.

தமிழ்நாட்டில் பிளம்ஸுக்கு இடம் என்றால் 1,500 மீட்டருக்கு மேல்: கொடைக்கானல், அதன் மேல்மலைக் கிராமங்கள், நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்கள். ஏற்காட்டு மேட்டில் குறைந்த குளிர் ரகத்தை முயன்று பார்க்கலாம், அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க முடியாது. கீழ்மலையில் காபிக்கும் மலைவாழைக்கும் தோதான உயரத்தில் பிளம்ஸ் வைத்தால் மரம் தழைக்கும், காய் மனம் வைத்தால்தான் வரும்.

இன்னொரு ஏமாற்று, பெயரில் இருக்கிறது. நர்சரிப் பலகையில் ‘பிளம்’ என்று எழுதியிருப்பதெல்லாம் பிளம்ஸ் இல்லை. ஜாவா பிளம் என்பது நம் நாவல். இந்தியன் பிளம் என்று இலந்தையைச் சொல்வார்கள். நேட்டால் பிளம் களாவின் உறவு. ஹாக் பிளம் புளிப்பு அம்பழங்காய் வகை. இவை நாலும் சமவெளியில் நன்றாகவே வளரும், வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பிளம்ஸ் விலை கொடுக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற ஆல்பக்கோடாதான் உண்மையான பிளம்ஸின் உலர்ந்த உருவம். அதன் கொட்டையை நட்டால் வருமா என்று கேட்பவர்களும் உண்டு. உலர்த்தும் சூட்டில் பெரும்பாலும் முளைப்புத் திறன் போயிருக்கும். புதுப் பழத்தின் கொட்டையை ஈர மணலில் வைத்து மூன்று மாதம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தால் முளைக்கும். தாய் மரத்தின் பழம் வராது, காய்க்கவும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகும்.

மலையில் இருப்பவர்களுக்கு இனி. இங்கே தோல்வி பெரும்பாலும் கன்று வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. காரணம், ஒற்றை மரம். நம் மலைகளில் வளர்பவை பெரும்பாலும் ஜப்பானிய பிளம்ஸ் வகை. இதில் பல ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஜனவரி, பிப்ரவரியில் மரம் வெள்ளை வெளேரென்று பூத்து, பத்தே நாளில் அத்தனையும் கொட்டி, அடுத்த வாரம் ஒரு பிஞ்சுகூட இல்லாமல் நிற்பதை மலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பூச்சி மருந்து அடிக்க ஓடுவார்கள். மரத்துக்கு நோய் ஒன்றுமில்லை, ஜோடி இல்லை.

அதனால் வெவ்வேறு ரகத்தில் இரண்டு கன்று வாங்குங்கள். ஒரே ரகத்தில் பத்து வாங்கினாலும் ஒன்று வாங்கியதுபோலத்தான். எல்லாம் ஒரே தாயின் ஒட்டு. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பது முக்கியம். இடைவெளி 15 மீட்டருக்குள் இருந்தால் தேனீ பார்த்துக்கொள்ளும். இடம் ஒன்றுக்குத்தான் என்றால் சாண்டா ரோசா கேளுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் உருவாக்கி 1906-இல் வெளியிட்ட ரகம்; பெரும்பாலும் தானே காய்க்கும், துணை இருந்தால் இன்னும் கூடுதலாகக் காய்க்கும். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் சட்சுமாவுக்கு அதுவே நல்ல ஜோடி. மெத்லியும் தனியாகக் காய்க்கும், பழம்தான் சற்றுச் சின்னது. நம் மலைகளில் பழக்கமான ரூபியோ, ஹேல், அபண்டன்ஸ், கெல்சி, கவியோட்டா போன்றவற்றில் ஏதாவது இரண்டை, உங்கள் ஊரில் ஒரே வாரத்தில் பூக்கின்றனவா என்று பக்கத்துத் தோட்டத்தில் பார்த்துவிட்டு எடுப்பது உத்தமம். ஐரோப்பிய பிளம்ஸ் ஒன்றைத் துணைக்கு வைப்பதில் பயனில்லை. அதற்கு 48 குரோமோசோம், ஜப்பானியத்துக்கு 16, மகரந்தம் சேராது.

ஏற்கெனவே ஒற்றை மரம் வளர்ந்து நிற்கிறதா? வெட்ட வேண்டாம். ஜனவரியில் வேறு ரகத்தின் பென்சில் கனக் குச்சியை ஒரு பக்கக் கிளையில் ஆப்பு ஒட்டாக (அடியை ஆப்புபோல் சீவி, கிளையின் பிளவில் செருகி) கட்டிவிடுங்கள். அந்தக் கிளையில் ஒரு சிவப்புத் துணியும் கட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்துக் கவாத்துக்கு வருபவர் முதலில் அதைத்தான் வெட்டுவார். ஒட்டு காய்க்கும்வரை, பூக்கிற பருவத்தில் வேறு ரகத்தின் பூங்கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, மரத்தில் தொங்கவிட்டு இரண்டு நாளுக்கொருமுறை மாற்றினாலும் ஓரளவு காய் பிடிக்கும். பூ இருக்கும் நாட்களில் எந்தப் பூச்சி மருந்தும் கூடாது. மூடுபனியும் தூறலும் உள்ள நாட்களில் ஏற்கெனவே தேனீ வெளியே வருவதில்லை. வருகிற நாலு நாளையும் நாம் கெடுக்கக் கூடாது.

கன்றைக் கையில் வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் லேசான வளைவோ முடிச்சோ இருக்க வேண்டும். அதுதான் ஒட்டு. அது இல்லாமல் நேராகப் போனால் விதைக் கன்று. நம் பக்கம் வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்குக் கீழே வேர் கொடுக்கும் செடியாக, பெரும்பாலும் காட்டு பீச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். பீச் இலை நீண்டு ஒடுங்கி இருக்கும். பிளம்ஸ் இலை குட்டை, நடுவில் அகலம். ஒட்டுக்குக் கீழே நீள இலையோடு துளிர் வந்தால் அது வேர்ச்செடியின் துளிர். கத்தரிக்காமல் கையால் அடியோடு கிழித்தெடுங்கள். விட்டுவைத்தால் சில வருடத்தில் மேலே இருக்கும் பிளம்ஸ் நலிந்து, பீச் மட்டும் நிற்கும். ஒட்டு இடத்தில் பிசின் வடிந்திருந்தாலும், வேரில் சுண்டைக்காய் அளவுக்கு முண்டு முண்டாக இருந்தாலும் வேண்டாம். பையில் வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் வாங்கியே தீருவது என்றாலொழியத் தொடாதீர்கள். மூன்றடிக்குள் உள்ள, சுண்டுவிரல் கனமுள்ள ஒரு வயதுக் கன்று போதும். ஆளுயரக் கன்றுக்கு அதிக விலை கொடுப்பது ஆசைக்குக் கொடுப்பது.

இமாச்சலிலிருந்து பார்சலில் வெறும் வேரோடு வருகிற கன்றுகள் இப்போது அதிகம் விற்கின்றன. கன்று நன்றாகத்தான் இருக்கும். ரகத்தைக் கேளுங்கள், அந்தக் குளிருக்குத் தேர்ந்தெடுத்த ரகம் நம் மலையில் தூங்கிக்கொண்டே இருந்துவிடலாம். வந்த அன்றே வேரை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒடிந்த வேரை நறுக்கிவிட்டு நட்டுவிட வேண்டும்.

நடவுக்குப் பெரிய ரகசியம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி. இரண்டடி நீள, அகல, ஆழக் குழியை ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம். மலை மண் புளிப்பு மண், அமில காரக் குறியீடு 5.5-க்குக் கீழ் என்று மண் பரிசோதனை சொன்னால் குழிக்கு அரைக் கிலோ டோலமைட் சுண்ணாம்புத் தூள் சேருங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நான்கு விரலாவது தெரிய வேண்டும். மரத்துக்கு மரம் நான்கு முதல் ஐந்து மீட்டர். இடத்தில் மட்டும் கவனம்: பீச் வேர் தண்ணீர் தேங்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும், களிமண்ணில் ஒன்றரை அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். பள்ளத்தாக்கின் அடியும் வேண்டாம். உறைபனி அங்கேதான் வந்து உட்காரும், விரிந்த பூவை ஒரே இரவில் கருக்கிவிடும். சரிவின் நடுப்பகுதி நல்லது. கொடைக்கானலில் காட்டுமாடு நடமாடும் தெருவாக இருந்தால் கன்றைச் சுற்றி இரும்பு வலை. கொம்பை ஒருமுறை தேய்த்தால் பட்டை முழுக்கப் போய்விடும்.

கவாத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நட்ட அன்றே 70 சென்டிமீட்டரில் நுனியை வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். முதல் வருடம் கிளம்பும் துளிர்களில், தண்டில் ஒன்றுக்கொன்று அரைச்சாண் தள்ளி, வெவ்வேறு திசை பார்த்த மூன்று அல்லது நான்கை மட்டும் விட்டு, மற்றதை எடுத்துவிட வேண்டும். நடுவில் தண்டு கிடையாது. மரம் விரித்த உள்ளங்கைபோல் இருக்க வேண்டும், உள்ளே வெயில் இறங்க வேண்டும். தண்டோடு ஒட்டிக்கொண்டு நேராக எழும் கிளைக்கு இடையில் மூங்கில் குச்சி கொடுத்து அகற்றுங்கள். அந்த இடுக்கில் பட்டை மடிந்து உள்ளே போய்விடும். காய்ப் பாரம் ஏறும் முதல் நல்ல வருடத்தில் அங்கேதான் பிளக்கும். அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

காய்க்கும் மரத்தில் வெட்டுமுன் கிளையைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு வயதுக் கிளையின் பக்கங்களில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கணுக்கணுவாக, முறுக்கிக்கொண்டு, காய்ந்த முள் மாதிரி குட்டைக் குச்சிகள் இருக்கும். நுனியில் குண்டு குண்டாக மொட்டுகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். அவைதான் காய்க் குச்சிகள். பார்க்க உயிரற்றதுபோல் இருப்பதால் புதிதாகக் கத்தரி பிடிப்பவர்கள் ‘சுத்தம்’ செய்வதாக நினைத்து இவற்றையே வழித்துவிடுவார்கள். அந்த வருடம் மரம் இலை மட்டும் கொடுக்கும். எடுக்க வேண்டியது உள்பக்கம் செங்குத்தாக எழும் போத்துகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், காய்த்து ஓய்ந்த ஐந்தாறு வயதுக் கிளைகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு. மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதியில், மழை இல்லாத நாளில் செய்யுங்கள். கட்டைவிரலுக்கு மேல் கனமான வெட்டுக்குப் போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர்.

இலை இல்லாத இதே நாட்களில் மரம் முழுக்க ஒரு சதப் போர்டோ கலவை அடித்துவிட்டால் பாதி நோய்க்கு முன்பணம் கட்டியாயிற்று. 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தம் பிளாஸ்டிக் வாளியில். இன்னொரு 5 லிட்டரில் 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. பிறகு இரண்டையும் சேர்த்துக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, கொஞ்சம் சேருங்கள். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். இலை வந்தபின் இதை அடிக்காதீர்கள். பிளம்ஸ் இலை செம்பைத் தாங்காது, பொத்தல் விழுந்து கொட்டிவிடும். திராட்சைத் தோட்டங்களில் மொட்டை எழுப்ப அடிக்கிற ஹைட்ரஜன் சயனமைடைச் சிலர் வீட்டு மரத்துக்கும் சிபாரிசு செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம். உடலில் பட்டால் ஆபத்து, அடித்தவர் மது அருந்தினால் இன்னும் ஆபத்து.

உரம் தோராயமாக மரத்தின் ஒவ்வொரு வயதுக்கும் 6 கிலோ தொழுவுரம், 60 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட், 60 கிராம் பொட்டாஷ் எனக் கூட்டிக்கொண்டே போய், ஆறு வயதுக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். யூரியாவைப் பூக்குமுன் பாதி, பிஞ்சு பிடித்தபின் பாதியாகப் பிரிப்பது அவசியம். கூடுதலாகப் போட்டால் போத்தும் அசுவினிப் பூச்சியும்தான் பெருகும். பிப்ரவரியிலிருந்து அறுவடை வரை தண்ணீர் சீராக வேண்டும். காயவிட்டுத் திடீரென்று கோடைமழையோ குழாய்த் தண்ணீரோ சேர்ந்தால் பழம் வெடிக்கும். மூடாக்கு அரைச்சாண் கனம், தண்டைத் தொடாமல்.

பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும், உள்ளே கொட்டை இறுகுமுன், கலைத்துவிட வேண்டும். ஒரு கையால் காய்க் குச்சியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிஞ்சைத் திருகி எடுங்கள்; இழுத்தால் குச்சியும் சேர்ந்து வரும், அது அடுத்த வருடப் பழம். காய்க்கும் காய்க்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். தரையில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். விட்டுவைத்தால் எல்லாம் நெல்லிக்காய் அளவில் நின்று, கிளை ஒடிந்து, அடுத்த வருடம் மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மே, ஜூன் பழத்தில் ஊசி குத்திய புள்ளியும் அதன்மேல் ஒரு துளிப் பிசினும் தெரிந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கலாம். பிளந்து பாருங்கள், வெள்ளைப் புழு வளைந்து துள்ளும். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும், காய் நிறம் மாறுமுன்பே தொங்கவிட வேண்டும். அதைவிட முக்கியம், விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது. எருக்குழியில் போடுவது ஈக்குத் தொட்டில் கட்டுவது மாதிரி. மரத்திலேயே சுருங்கித் தொங்கும் அழுகல் பழங்களையும் பறித்துவிடுங்கள், அடுத்த வருடப் பூஞ்சணம் அதில்தான் காத்திருக்கும்.

யாரும் கவனிக்காதது துரு நோய். அறுவடை முடிந்த மழையில் இலையின் மேலே மஞ்சள் புள்ளி, கீழே பழுப்புத் தூள். பழம்தான் பறித்தாயிற்றே என்று விட்டுவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இலை கொட்டிப்போகும். மழைக்குப் பின் வரும் வெயிலில் மரம் ஏமாந்து அக்டோபரில் பூத்துவிடும். ஜனவரிக்கு வைத்திருந்த மொட்டு செலவாகிவிட்டது. ‘மரம் வருடத்துக்கு இரண்டு முறை பூக்கிறது’ என்று சந்தோஷப்படுகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அறுவடைக்குப் பின் மழை விட்ட நாளில் மாங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், 15 நாள் விட்டு இன்னொருமுறை. பட்டைமேல் படரும் பாசியைச் சுரண்டி நேரம் போக்க வேண்டாம், அது மரத்தைத் தின்பதில்லை.

பழத்தைக் காம்புக்கு எதிர்ப்பக்க நுனியில் லேசாக அழுத்தினால் நெகிழ வேண்டும். அப்போது பறித்து இரண்டு நாள் வீட்டில் வையுங்கள், பழுத்துவிடும். முழுக்கக் கனியட்டும் என்று காத்திருந்தால் குரங்குக்குத்தான். மேலே இருக்கும் வெண்பூச்சைத் துடைக்காதீர்கள், அது மருந்து இல்லை, பழத்தின் சொந்த மெழுகு. ஜாமோ பழச்சாறோ செய்பவர்கள் கொட்டையை மிக்ஸியில் சேர்த்து அரைக்கக் கூடாது. பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

மலை நர்சரிகளிலும் பேருந்து நிலையத்து நடைபாதைகளிலும் டிசம்பரில் கன்று விற்பனை சூடு பிடிக்கும். சுற்றுலா வருபவர்கள் நினைவுப் பொருள்போல் வாங்கிக்கொண்டு போவதும் அப்போதுதான். அதற்குமுன், தமிழ்நாட்டில் பிளம்ஸ் 1,500 மீட்டருக்குக் கீழே பலன் தராது என்பதையும், மலையில் இரண்டு ரகம் சேர்த்து வைக்க வேண்டும் என்பதையும் மட்டுமாவது அதே பகுதியில் திருத்தமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழமரம் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கொடைக்கானல் மேல்மலை.